தோட்டமும் காவும்

தமிழில் மரஞ்செடிகொடிகள் செறிந்த இடத்தைக் குறிக்குஞ் சொற்கள் பல. தோட்டம், தோப்பு, சோலை, பொழில், கா, தண்டலை, நந்தவனம் என இவை விரியும். நிகண்டு கற்போர் இவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று மனத்திற்கொண்டு அப்பாற் செல்வர். ஆயினும் ஒரு மொழியில் இரண்டு சொற்கள் முற்றும் ஒரே பொருளைச் சுமந்து நெடுங்காலம் வாழ்தல் அரிது. ஒன்று மற்றொன்றினின்றும் சிறிதேனும் விலகியே நிற்கும். நந்தவனம் கோயிலுக்குப் பூத்தருவது. பொழில் என்னுஞ் சொல்லோ சோலையை உணர்த்துவதோடு உலகம் என்னும் பொருளையும் உடையது. உலகையே ஒரு சோலையாகக் கண்டார் போலும் நம் முன்னோர்.

இவற்றுள் தோட்டம், கா என்னும் இரு சொற்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். தோட்டம் என்பது தோண்டுதல் என்னும் வினையோடு உறவுடையது என்பது மொழியறிஞர் கொள்கை. மண்வெட்டி புகுந்து, மண் புரண்டு, ஒருவன் எண்ணியது ஒன்று அங்கு நடப்பட்டால் அது தோட்டம். கா என்னும் பெயரோ காத்தல் என்னும் வினையின் பகுதியோடு ஓருருவாய் நிற்கின்றது. காக்கப்படுவது கா என்று கொள்வதில் இழுக்கில்லை. அங்கு மண்வெட்டி முதலிற் புகவேண்டுவதில்லை. முன்னரே நிற்பதொன்றைக் கெடாமற் பார்த்துக்கொள்ள ஒருவன் இருந்தால் போதும். விவிலிய நூலின் முதலாகமமும் ஏதேனில் வைக்கப்பட்ட ஆதி மனிதனுக்கு இவ்விரு தொழில்களையே விதித்ததாகக் கூறுகின்றது: நிலத்தைப் பண்படுத்தல் ஒன்று, அதைக் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவனிடமே ஒப்படைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது. ஏனெனில் பிற்காலத்தார் முதற்றொழிலில் மிக்க ஊக்கங்காட்டி, இரண்டாவதைப் பெரும்பாலும் வாயிற்காவலனிடம் விட்டுவிட்டனர்.

பழந்தோட்டங்களைக் காணவேண்டுமெனின் உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டு தோன்றிய தாவரத் தோட்டத்துக்கோ, பெங்களூரின் லால்பாக்குக்கோ, காசுமீரத்து மொகலாயர் தோட்டங்களுக்கோ செல்லவேண்டும் என்பது நம் மாணாக்கருட் பலர் எண்ணம். நம் கல்லூரி வாயிலின் எதிரே புறப்படும் புகைவண்டிப் பாதையிலேயே, சைதாப்பேட்டைக்குள்ளாக, இருநூற்றாண்டு வரலாறு உடைய சோலைகள் உள்ளன என்பதைச் சிலரே அறிவர். 1931ஆம் ஆண்டு மின்சார வண்டி ஓடத்தொடங்கிய கடற்கரை–தாம்பரம் பாதை அது. வண்டியேறி வடக்கே சென்று சைதாப்பேட்டையில் இறங்கி, அடையாற்றைத் தொடர்ந்து கடற்கரை வரை போய், மீண்டு கிண்டி வழியாகத் தாம்பரம் திரும்பினால், தோட்டம் எங்கே அழிந்தது, கா எங்கே பிழைத்தது என்பதைக் கண்ணாரக் காணலாம். இக்கட்டுரையும் அவ்வழியே செல்லும்.

வண்டி பல்லாவரத்தைத் தாண்டும்போது தமிழ் மாணாக்கர் சன்னலோரம் எழுந்து நிற்பது தகும். 1898 முதல் 1911 வரை நம் கல்லூரி, சென்னை நகரினுள் இருந்த காலத்தில், தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள் பணியினின்று நீங்கியபின் குடியேறிய ஊர் அது. வேதாசலம் என்னுந் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கியதும், பெருநூல் நிலையம் ஒன்றைப் பேணியதும் அவ்வூரிலிருந்தேயாம். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது. 1726ஆம் ஆண்டு ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தப் பொருளாற் கட்டுவித்த மர்மலாங் பாலம் இருந்த இடம் அதுவே. மர்மலாங் என்பது மாம்பலம் என்னும் பெயர் ஐரோப்பியர் நாவிற் பட்ட பாடு.

அப்பாலத்தை அடுத்த சைதாப்பேட்டையிலேதான் நாம் காணவேண்டிய முதல் தோட்டம் இருந்தது. இருந்தது என்றே சொல்லவேண்டும். இன்று அதன் சுவடு ஒன்றும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்தியர் அதனை அமைத்தார். (நம் கல்லூரியின் தொடக்கமான பள்ளியை 1837ஆம் ஆண்டு நிறுவிய குரு ஜான் ஆண்டர்சனும் ஸ்காத்லாந்தியரே, பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராக மயங்கலாகாது. மருத்துவர் 1809ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.) மருத்துவருக்குச் செடிகளின்மேல் இருந்த பற்று அளவிறந்தது. நுங்கம்பாக்கத்தில் தாவரத் தோட்டம் ஒன்று வைத்தார். பட்டுப்புழு வளர்க்க முசுக்கொட்டைச் செடிகளை மாகாணமெங்கும் பரப்ப முயன்றார். சைதாப்பேட்டையில் அவர் வைத்தது எல்லாவற்றினும் விந்தையானது. அஃது ஒரு கள்ளித் தோட்டம்.

கள்ளியைத் தோண்டி எறிவாரைக் கண்டிருக்கிறோம். வேலிகட்டி நீரூற்றி வளர்ப்பார் உண்டோ எனின், காரணம் இருந்தது. அந்நாளில் ஐரோப்பாவிற் சிவப்புச் சாயத்துக்கு இருந்த மதிப்பு பெரிது. படைவீரர் மேலங்கியும் பிரபுக்கள் ஆடையும் அச்சாயம் வேண்டி நின்றன. சாயத்துள் உயர்ந்தது கொச்சினீல் என்பது. அது மெக்சிகோ நாட்டில் நோபால் என்னும் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியின்மேல் ஒட்டி வாழும் சிறு செதிற்பூச்சியை உலர்த்தி எடுக்கப்பட்டது. அந்நாடு ஸ்பானியர் கையிலிருந்தது. அவர்கள் அப்பூச்சியைப் பிறர் கொண்டுசெல்லவொட்டாது காத்தனர். 1786ஆம் ஆண்டு சென்னைக் கரையில் ஒருவகைப் புல்லின்மேற் செந்நிறந்தரும் பூச்சியொன்றை ஆண்டர்சன் கண்டார். கண்டதும், ஸ்பானியரின் செல்வம் நம் கரையிலேயே கிடக்கின்றது என்னும் உவகை மீதூர, இலண்டன் ராயல் சங்கத்தின் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதத்தின்மேற் கடிதமாக எழுதினார். ஆராய்ந்ததில் அப்பூச்சி சாயத்துக்கு ஆகாததாயிற்று. ஆனால் கடிதங்கள் வீண்போகவில்லை. மெய்யான பூச்சியைத் தருவிப்பதற்கு முன் அதற்கு உணவாகும் கள்ளியை வளர்த்து வைப்போம் என்னும் கருத்து எழுந்தது. கியூ தோட்டத்திலிருந்து நோபால் கன்றுகள் வந்தன. கம்பெனியார் இசைவுடன் 1789ஆம் ஆண்டளவிற் சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம் உருவாயிற்று. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெர்ரி என்பார் அதனை மேற்பார்த்தார்.

விருந்துக்கு இலை போட்டாயிற்று, விருந்தினரைக் காணோம். ஆண்டுகள் கழிந்தன. 1795ஆம் ஆண்டு நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டு ரியோ தெ ஜனேரோ துறைமுகத்திற் பூச்சியோடு கூடிய கள்ளித் துண்டுகளைப் பெற்றுக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அங்கிருந்து சென்னைக்கும் அவை வந்தன. எனினும் வந்தது சாயத்துக்குரிய நற்பூச்சியன்று, அதன் காட்டினம். தருஞ் சாயம் தாழ்ந்தது. அன்றியும், அருமையாக வளர்த்த நோபாலை விட்டு, நாட்டில் முன்னரே பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியையே அப்பூச்சி பெரிதும் விரும்பி உண்டது. உண்ட இடத்திற் கள்ளி பட்டுப்போயிற்று. 1800ஆம் ஆண்டளவிற் கம்பெனியார் ஊக்கம் இழந்தனர், தோட்டம் கைவிடப்பட்டது, அங்கிருந்த செடிகள் பல பெங்களூர் லால்பாக்குக்கு அனுப்பப்பட்டன. 1856ஆம் ஆண்டு பெர்க்கின் என்னும் இளைஞர் இலண்டனிற் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் பூச்சிச் சாயங்களின் மதிப்பே குன்றத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றின் முடிவு நகைப்புக்கும் சிந்தனைக்கும் ஒருங்கே இடந்தருவது. சாயத்துக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட அப்பூச்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னாட்டிலும் இலங்கையிலும் வேண்டுமென்றே பரப்பினர். கழனிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை அழிப்பதற்கே பரப்பினர். ஒரு களையை அதனைத் தின்னும் உயிரைக்கொண்டு ஒடுக்கும் முறைக்கு உலகில் முதற்சான்றாக உயிர்நூலார் இன்று எடுத்துக்காட்டுவது இதனையே. தோட்டக்காரன் எண்ணியது ஒன்று. தோட்டம் செய்தது மற்றொன்று. ஆண்டர்சனின் உருவச்சிலையைச் சான்ட்ரி என்னும் பெருஞ்சிற்பி செதுக்கினார். அது செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது. கள்ளித் தோட்டத்துக்கோ நடுகல்லும் இல்லை. அதே சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டு வேளாண்மைப் பள்ளி ஒன்றும் அமைந்தது. அதுவும் 1906ஆம் ஆண்டளவிற் கோயமுத்தூருக்குப் பெயர்ந்து, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. பயன் கருதி வைத்த தோட்டம் பயன் நீங்கிய அன்றே நீங்குவது இயல்பு போலும்.

இனி ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோட்டைக்குள் நெருக்கம் மிகவே, கம்பெனி உத்தியோகஸ்தர்களும் வணிகர்களும் நகர்ப்புறத்தே பல ஏக்கர் நிலம் வாங்கி நடுவே மாளிகை எடுத்து வாழ்ந்தனர். தோட்ட வீடுகள் என்று அவை வழங்கின. அடையாற்றின் தென்கரையிலிருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டம் அத்தகைய ஒன்று. 1882ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் தாம் நிறுவிய பிரமஞான சங்கத்துக்காக அதனை வாங்கினர். முதலில் ஏறத்தாழ 27 ஏக்கராயிருந்த இடம் பின்னர் பன்மடங்கு பெருகி, இன்று 250 ஏக்கருக்கு மேற்பட்டுள்ளது. சமயக் கொள்கையில் நாம் அவர்களோடு வேறுபடுவோம். அதனால் அவர்தம் மரங்களைப் பாராட்டக்கூடாது என்பதில்லை. ஆற்றங்கழிக்கும் கடலுக்கும் இடையே, நான்கு புறமும் நகரம் நெருக்கி நிற்க, அவ்வளவு நிலத்தைக் கல்லும் சுண்ணமும் தீண்டாமல் நூறாண்டுக்குமேல் வைத்திருத்தல் எளிய செயலன்று.

அங்குள்ள பேராலமரத்தைக் காணவே பலருஞ் செல்வர். அதற்கு அகவை ஏறத்தாழ 450 என்று மதிப்பர். அவ்வாறாயின் அது செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு மூத்தது. ஹட்டில்ஸ்டன் தோட்டத்துக்கும் மூத்தது. தோட்டம் மரத்தைக் கொணரவில்லை. மரம் நின்ற இடத்துக்குத் தோட்டம் வந்து சேர்ந்தது. 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் அடிமரம் சாய்ந்தது. முதன்முறை செல்லுவோர் நடுவிலே பெருந்தூண் ஒன்றை எதிர்பார்த்துச் சென்று, அவ்விடம் வெறுமையாயிருக்கக் கண்டு திகைப்பர். சூழ நிற்பன விழுதுகளே. ஆனால் ஒவ்வொரு விழுதும் இப்பொழுது ஒரு மரம். அடிமரம் வீழ்ந்தபின்னும் அவை தழைப்பதற்குக் காரணம், தரையைத் தொட்ட விழுதுகளை ஒருவரும் வெட்டாமல், அவை ஊன்றுவதற்கு வேண்டிய இடத்தை விட்டுவைத்ததே. நட்டவர் எவரென்று தெரியாத ஒரு மரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்த காவல் அது.

திரும்பும் வழியிற் கிண்டி. ஆளுநர் மாளிகையும் அதனைச் சூழ்ந்த காடும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அரசினர் கையில் உள்ளவை. கோட்டையின் வெக்கை பொறாத ஆளுநர்கள் ஓய்வு கொள்ளும் புறநகர் இல்லமாக அது இருந்தது. வெளிமானும் புள்ளிமானும் அங்குத் திரிந்தன, இன்றும் திரிகின்றன. விடுதலைக்குப்பின் அக்காடு துண்டு துண்டாகக் குறைந்தது. தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பெரும்பகுதி சென்றது. தலைவர்களின் நினைவு மண்டபங்களுக்குச் சில பகுதிகள் சென்றன. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு மாநகரின் வயிற்றுக்குள்ளே காடு இருத்தல் உலகில் அரிது. ஆயினும் அக்காடு பிழைத்ததற்கு முதற்காரணம் காட்டின்மேல் இருந்த அன்பு அன்று, ஆளுநரின் வேலி.

இவ்விடத்திற் காவலின் மறுபுறத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. நம் பழம்பாட்டுக்களிற் காவல் மரம் என்னும் வழக்கு உண்டு. மன்னன் ஒரு மரத்தைத் தன் குலத்துக்கு உரியதாகக் காப்பான். பகைவன் அதனை வெட்டினால் வென்றான் என்பது பொருள். நன்னன் என்னுஞ் சிற்றரசனின் காவல் மரம் மா. அதன் கனியொன்று ஆற்றில் மிதந்துவர, நீராடச் சென்ற ஓர் இளம்பெண் அறியாது எடுத்துண்டாள். அவளைக் கொல்லுவித்தான் நன்னன். ஈடாக அவள் நிறை பொன்னும் யானைகளும் தருவதாகச் சொல்லியும் கேட்டானல்லன். அன்றுமுதல் பெண்கொலை புரிந்தவன் என்னும் பழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது, புலவர்கள் மன்னிக்கவேயில்லை. வேலியிடுவோர் எல்லாரும் இக்கதையை நினைவிற் கொள்ளல் நன்று. வேலிக்குப் புறத்தே சுள்ளி பொறுக்கியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தோர் உளர். அவர்களிடம் ஒரு சொல்லுங் கேளாமல் அடைக்கப்படும் காடு, மரத்துக்கு நல்லதாயினும் மனிதருக்கு நன்னனின் மாமரமே.

கிண்டியில் வண்டியேறித் தாம்பரத்தில் இறங்கினோமாயின், எஞ்சியது நம் கல்லூரியே. நம் கல்லூரியை வரலாற்றுத் தோட்டம் என்று கூறின் நம்மவரே நகைப்பர். நாடோறும் மிதிக்கும் இடமன்றோ! ஆயினும் 1937ஆம் ஆண்டு, பள்ளி தொடங்கி நூறாண்டு நிரம்பிய பொழுதில், ஜார்ஜ் டவுனின் சந்தடியை விட்டுச் சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் நிலத்தில் நம் கல்லூரி குடிபுகுந்தது. அன்று இங்கிருந்தது முட்புதரும் செம்மண்ணும். வேதியியற் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸும் மரங்களை நட்டுப் பேணிய தொண்டினாலேயே இன்று நாம் நிழலில் நடக்கின்றோம். பார்ன்ஸ் வேதியியல் கற்பித்தவராயினும் தாவர நூலிற் பெரும்புலமை உடையவர். தென்னாட்டு மலைச் செடியினம் ஒன்று அவர் பெயரால் வழங்குகின்றது. தம் பாடத்துக்கு அப்பாலுள்ள ஒன்றில் இத்துணை ஆழ்ந்த ஆசிரியரைப் பெற்றது கல்லூரியின் பேறு.

ஆகவே இங்கு இரண்டும் ஒருங்கே உள்ளன. கட்டடங்களைச் சூழ்ந்து, நட்டு வளர்த்த மரங்களாலாகிய தோட்டம் ஒன்று. அதற்கப்பால், எவரும் நடாத பழைய சேலையூர்க் காட்டின் எச்சம் மற்றொன்று. முன்னதனைப் புகழாதாரில்லை. பின்னதனையோ, வெறும் புதர் என்றும், பாம்பு கிடக்கும் இடம் என்றும், ஒருநாள் சீர்செய்யப்படவேண்டிய பகுதி என்றும் பேசக் கேட்கின்றோம். இக்கட்டுரை எழுதப்பட்டதன் நோக்கம் அப்பேச்சை மறுப்பதே.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது இப்பகுதியில் வீழ்ந்த மரங்கள் எண்ணில. வண்டலூர் உயிரியற் பூங்காவும் நம் வளாகமும் பெரிதும் துன்புற்றன. வீழ்ந்தவற்றுள் மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை, தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம், கீழைத் தீவுகளிலிருந்து வந்த இயல்வாகை போன்ற அயல்நாட்டு நிழல்மரங்கள் மிகுதி. விரைவில் வளர்ந்து, பரந்து, கண்ணுக்கு இனிய பூச்சொரிவன இவை. விரைவில் வளர்வதன் விலையைக் காற்று வந்தபோது கொடுத்தன. ஆளுயரமும் இருமடங்கு ஆளுயரமுமாய் அடர்ந்து நிற்கும் புதர்க்காட்டுக்கோ புயல் புதிதன்று. ஆண்டுதோறும் வங்கக் கடல் அனுப்பும் காற்றுக்கு ஏற்பவே அது தன் உருவத்தை வகுத்துக்கொண்டது. தடித்த சிற்றிலை, குட்டையான தண்டு, ஆழ்ந்த வேர், பசுமை மாறாத தழை, ஆண்டின் பெரும்பகுதி மழையின்மையைப் பொறுக்கும் ஆற்றல் ஆகியன இதன் இயல்பு. தாவர நூலார் இதனை வெப்ப உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரையையும் ஈழத்தின் வடபகுதியையும் ஒட்டி ஒரு காலத்திற் பரவியிருந்த இக்காடு இன்று கோயிற்காடுகளிலும், கிண்டி, நன்மங்கலம் போன்ற சில இடங்களிலுமே தங்கியுள்ளது.

தமிழ் பயில்வோர்க்கு இக்காட்டில் வேறொரு செல்வமும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியுள்ளார் என்பதை நாம் அறிவோம். தேர்வுக்காக அப்பெயர்களை உருப்போட்டும் இருப்போம். அவற்றுட் காயா, குருந்தம், ஆவிரை, சூரல், பாலை, கொன்றை, தும்பை ஆகியவற்றைத் தேடி மேற்கு மலைக்குப் போகவேண்டுவதில்லை. இவை இக்கரையோரக் காட்டுக்கும் உரியன. காயா என்பது காசா என இன்று வழங்குவது. கிளை நெடுகத் திரள்திரளாக நீலப்பூ பூத்து நிற்கும். திருமாலின் நிறத்துக்குப் புலவர் உவமை கூறியது இதனையே. மயிலின் கழுத்துக்கு ஒப்பிட்டாரும் உளர். பூவைக் கண்ணாற் காணாமல் அவ்வுவமைக்கு உரை எழுதுவோர் நீலம் என்று மட்டும் எழுதி அமைவர். கண்டவனுக்கோ அந்நீலத்தினூடே ஓடும் ஊதாவும், இலை தோன்றாவாறு கிளையையே மூடும் அடர்த்தியும் புலப்படும். குருந்தம் என்பது காட்டெலுமிச்சை. காயா, கொன்றை, குருந்து, பிடவம் ஆகிய இவை முல்லைத் திணையின் கருப்பொருள்களாகச் சான்றோர் பாடியவை. கார்காலத்திற் செம்மண் நனைய, கொன்றை பூக்க, தலைவனை எதிர்நோக்கித் தலைவி ஆற்றியிருப்பது முல்லை. அச்செம்மண்ணும் அச்செடிகளும் நம் விடுதியின் பின்புறத்தே இருக்க, முல்லை என்பது நூலில் மட்டும் உள்ள நிலம் என்று எண்ணி இருக்கின்றோம். ஆண்டர்சன் ஓர் அயற்பூச்சிக்காகக் கடல்கடந்து அலைந்தார். நாம் அலையவேண்டுவது ஒரு கூப்பீட்டுத் தொலைவே.

பாரி வள்ளல் முல்லைக்குத் தேரீந்த செய்தியை ஈண்டு நினைக்கலாம். மன்னன் ஒரு கொடிக்குத் தேரை விட்டுச் செல்வது அறிவுடைமையோ என்று வகுப்பில் நம்மிற் பலர் வினவியதுண்டு. அம்முல்லையைப் பாரி நட்டானல்லன் என்பதை அவ்வினா மறந்துவிடுகின்றது. அவன் அரண்மனைத் தோட்டத்துக் கொடியன்று அது. பறம்பின் வழியோரத்தே தானாக முளைத்துப் பற்றுக்கோடின்றி ஆடிய கொடி. தான் வையாததற்கும் தான் பொறுப்பு என்று எண்ணியதிலேயே அவன் கொடையின் அருமை உள்ளது. மரம் நடும் விழாவில் ஒருவர் தாம் நட்ட கன்றுக்குத் தம் பெயர்ப்பலகை வைப்பதைப் பார்க்கின்றோம். தாமே முளைத்த காயாவுக்குப் பலகை வைப்பாரைக் கண்டதில்லை.

இனி, புதரை அவ்வாறே விட்டுவிடுதல் சோம்பருக்கு வசதியான கொள்கை என்று ஒருவர் கூறக்கூடும். கூற்றில் உண்மையுண்டு. காவாது விட்ட காடு தானாகக் காடாயிராது. அமெரிக்க நிலத்திலிருந்து வந்த உண்ணிச்செடி அழகுப் பூச்செடியாகத் தோட்டங்களிற் புகுந்து, வேலி தாண்டிக் காடெங்கும் படர்ந்து, நாட்டுச் செடிகளின் கன்றுகளை மூடிக் கொல்லுகின்றது. விறகுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் கொணர்ந்த வேலிக்கருவேல் ஏரிக்கரைகளையும் தரிசுகளையும் கைப்பற்றிற்று. சைதாப்பேட்டைக் கள்ளியின் கதைக்கு இவை தம்பியர். ஆகவே காத்தல் என்பது கைகட்டி நிற்றலன்று. அரிவாளும் கையுறையும் கொண்டு ஆண்டுதோறும் உண்ணிச்செடியை வேரோடு பறித்தல், வேலிக்கருவேலின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தல், கோடையிற் காய்ந்த புல்லில் தீப்பற்றாது பார்த்தல் ஆகிய இவை அத்தனையும் மண்வெட்டி பிடிக்கும் தொழிலே. தோட்டக்காரன் நடுவதற்கு எவ்வளவு குனிகின்றானோ, காவற்காரன் பறிப்பதற்கு அவ்வளவு குனியவேண்டும்.

கன்று நடுவதே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பார்ன்ஸ் பெருமகனார் நட்ட மரங்களில் வீழ்ந்தவற்றுக்கு ஈடு செய்யத்தான் வேண்டும். பாதையோரங்களிலும் கட்டடங்களின் பக்கத்தும் வேம்பு, இலுப்பை, புங்கம், புன்னை முதலிய நம் நாட்டு மரங்களை வைத்தல் நன்றே. நாம் வேண்டுவது, புதரை வெட்டி அவ்விடத்திற் கன்று வையாதிருத்தல். பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் ஒருகாலத்தில் ஒன்றுக்கும் உதவாத சேறு என்றே கருதப்பட்டது. அதன் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் கொடுத்து முடித்தபின், 2022ஆம் ஆண்டு எஞ்சிய சிறுபகுதி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நம் காட்டுக்கு மதிப்புரை அவ்வளவு காலந்தாழ்த்து வரவேண்டுவதில்லை.

நம்மாற் கூடிய சிறுபணி ஒன்றும் உண்டு. தாவரவியல் மாணாக்கர் இக்காட்டுச் செடிகளின் இலத்தீன் பெயர்களை அறிவர். ஊர்ப் பெயரை அறியார். தமிழ் மாணாக்கர் சங்கப்பெயர்களை அறிவர், செடியை அறியார். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் ஆடுமேய்த்து மூத்த பெரியோர், களாவும் சூரையும் எங்கே காய்க்கும், எக்கொடி எந்நோய்க்கு ஆகும் என்பதை அறிவர். அவர்களை எவரும் வினவுவதில்லை. இம்மூவரும் ஒருநாட்காலை ஒன்றாக நடந்தால் ஒவ்வொரு செடிக்கும் மூன்று பெயர் கொண்ட பட்டியல் ஒன்று உருவாகும். கோடையின் தொடக்கத்திற் காயா பூக்கும் வேளை அதற்கு ஏற்றது. தொடங்குதற்குக் குருந்தம் எளியது: முள்ளுடைய சிறுமரம், தடித்துப் பளபளக்கும் இலை, இலையொன்றைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணக்கும்.